லினக்ஸ் பெட்டி திணறுகிறதா? அறிகுறியைப் பார்த்து கர்னல் அமைப்புகளைச் சரிசெய்யும் வழி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். "தம்பி, பில் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு. ஜனம் வரிசையில நிக்குது, சீக்கிரம் வா."

போய்ப் பார்த்தால், யாரோ நாற்பது கர்னல் அமைப்புகளை (ரேம், டிஸ்க் எல்லாவற்றையும் ஆளும் லினக்ஸின் மையப் பகுதிதான் கர்னல்) எங்கிருந்தோ எடுத்து ஒரே கோப்பில் ஒட்டி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று விஎம்.மின்_ஃப்ரீ_கேபைட்ஸ், மதிப்பு 2097152. அதாவது 2 ஜிபி ரேமை எப்போதும் காலியாகவே வைத்திரு என்று கர்னலுக்கு உத்தரவு. 128 ஜிபி சர்வரில் அது ஒரு பொருட்டில்லை. இங்கே இருந்ததே 8 ஜிபி. கோப்பை ஓரமாக நகர்த்தி மறுபடி பூட் செய்ததும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதி டேட்டாபேஸ் அமைப்பில் இருந்தது.

ராயபுரம், மண்ணடி, தண்டையார்பேட்டை, மணலி என்று எங்கே போனாலும் இதே ஐந்தாறு பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன். கர்னல் எண்ணை மாற்றுவது மூன்றாவது நான்காவது வேலை. கர்னல் ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கிறது என்று படிப்பதே முதல் வேலை.

கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தந்திருக்கிறேன். திரையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து வரும் இடத்திலும் குழப்பம் வரும் இடத்திலும் அடைப்புக்குள் ஆங்கிலத்திலேயே தந்திருக்கிறேன்.

## எதையும் தொடும் முன்

"சிஸ்சிடிஎல் -ஏ" என்று கொடுத்து, வருவதை அன்றைய தேதியிட்ட ஒரு கோப்பில் சேமியுங்கள். பழைய மதிப்பு எது என்று பிறகு தெரிந்துகொள்ள இது உதவும்.

ஒரு நேரத்தில் ஓர் எண் மட்டும். "சிஸ்சிடிஎல் -டபிள்யூ" மூலம் மாற்றினால் அடுத்த பூட்டில் அது மறைந்துவிடும். தவறாகப் போனால் ரீபூட்டே காப்பாற்றும் என்பதால் முதலில் அப்படித்தான் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வியாபார நாள் ஓடிய பிறகு நிரந்தரமாக எழுதலாம். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து அந்த நோட்டைப் பெட்டி பக்கத்திலேயே வையுங்கள். அடுத்து வருபவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.

## அறிகுறி: எல்லாமே மெதுவாகிறது, டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை

"விஎம்ஸ்டாட் 1" ஓடவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகள் (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவதும், ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவதும்; ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடமே ஸ்வாப்), அப்புறம் டபிள்யூஏ (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்). இங்கேயே பாதை இரண்டாகப் பிரிகிறது.

### எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் தொடர்ந்து ஓடுகின்றன

ரேம் போதாமல் ஸ்வாப்புக்கும் ரேமுக்கும் இடையே சரக்கு ஏறி இறங்குகிறது. எப்போதாவது ஒருமுறை எண் வந்து போனால் கவலை இல்லை. நிற்காமல் ஓடினால்தான் நோய்.

முதலில் செலவில்லாத காரணம். "டாப்" திறந்து ஷிஃப்ட்டுடன் எம் அழுத்துங்கள், ரேம் அதிகம் தின்பது மேலே வரும். கடைகளில் நான் அதிகம் பார்த்தது, சர்வர் பெட்டியிலேயே யாரோ பிரவுசர் திறந்து இருபது டேப் வைத்திருப்பது. மூடினால் முடிந்தது. இன்னொன்று, வியாபாரம் மும்முரமாக இருக்கும் மாலையில் பேக்கப் ஓடுவது. அதன் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

அடுத்தது டேட்டாபேஸின் பஃபர் பூல், அதாவது தகவலை வைத்துக்கொள்ள டேட்டாபேஸ் ரேமில் பிடிக்கும் இடம். 'சர்வர் ரேமில் 70 சதவீதம், 80 சதவீதம் கொடு' என்ற அறிவுரை டேட்டாபேஸ் மட்டுமே ஓடும் பெட்டிக்கானது. பில்லிங், வெப் சர்வர், அச்சு எல்லாம் ஒரே 8 ஜிபி பெட்டியில் இருந்தால் 2 அல்லது 3 ஜிபியில் தொடங்குங்கள்.

இதற்குப் பிறகுதான் விஎம்.ஸ்வாப்பினஸ். வழக்கமான மதிப்பு 60. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பில்லிங் பெட்டிகளில் 10 வைத்துப் பலன் கண்டிருக்கிறேன். 0 வைக்காதீர்கள். ரேம் தீரும் தருவாயில் கர்னலுக்கு மூச்சுவிட இடமில்லாமல் போய், நேரே புரோகிராமைக் கொல்லும் கட்டத்துக்கு வந்துவிடும். ஸ்வாப்பை அடியோடு அணைத்தாலும் இதே கதிதான்.

இத்தனைக்கும் பிறகு "ஃப்ரீ -எச்" காட்டும் 'அவைலபிள்' பத்தி வேலை நேரத்தில் சில நூறு எம்பிக்குக் கீழேயே நின்றால், ரேம் வாங்குவதுதான் வழி. 'ஃப்ரீ' பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லினக்ஸ் மீதி ரேமை டிஸ்க் கேஷுக்குப் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். 'அவைலபிள்'தான் உண்மைக் கணக்கு.

'ஃப்ரீ' குறைவாக இருக்கிறது என்று மணிக்கு ஒருமுறை டிராப்_கேஷஸ் கட்டளையை கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் சேவை) போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதை நீக்கிவிடுங்கள். கேஷைத் துடைத்த அடுத்த நிமிடம் எல்லாக் கோப்புகளும் மறுபடி டிஸ்க்கிலிருந்து வர வேண்டும். மணிக்கு ஒருமுறை கடை நின்று போவதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

### எஸ்ஐ, எஸ்ஓ பூஜ்யம், ஆனால் டபிள்யூஏ உயர்ந்து நிற்கிறது

ரேம் பிரச்சினை இல்லை, டிஸ்க். "ஐஓடாப்" ஓட்டி யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். "ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" ஓட்டி, இடம் மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையையும் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். இரண்டில் ஒன்று வாரா வாரம் ஏறினால் டிஸ்க்கின் ஆயுள் முடிகிறது. கர்னலில் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. அன்றே பேக்கப் எடுத்து, ரிச்சி தெருவுக்குப் போய் எஸ்எஸ்டி வாங்கி வாருங்கள்.

## அறிகுறி: பெரிய கோப்பை பென்டிரைவில் காப்பி போட்டால் மொத்தப் பெட்டியும் உறைகிறது

இராத்திரி கல்லா மூடும்போது கணக்குக் கோப்புகளை பென்டிரைவில் எடுக்கும் பழக்கம் இங்கே பல கடைகளில் உண்டு. காப்பி ஒரு நொடியில் 'முடிந்தது' என்று காட்டும், பிறகு ஐந்து நிமிடம் எதுவுமே அசையாது. பொறுமை இழந்து பென்டிரைவைப் பிடுங்குவார்கள். மறுநாள் கோப்பு பாதியாக இருக்கும்.

விஎம்.டர்ட்டி_ரேஷியோ வழக்கமாக 20, விஎம்.டர்ட்டி_பேக்ரவுண்ட்_ரேஷியோ 10. 16 ஜிபி பெட்டியில், எழுத வேண்டிய தகவல் 3 ஜிபி வரை ரேமில் குவிய இது இடம் கொடுக்கிறது. விநாடிக்கு 10 எம்பி எழுதும் மலிவான பென்டிரைவுக்கு 3 ஜிபி இறங்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம்தான் உறைவது.

செலவில்லாத வழி, காப்பி முடிந்ததும் "சிங்க்" என்று அடித்து, அது திரும்பி வரும் வரை காத்திருந்து, முறையாக எஜெக்ட் செய்வது. கடைப் பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாலே கோப்பு பாதியாகும் பிரச்சினை நின்றுவிடும்.

உறைவதையும் நிறுத்த வேண்டுமென்றால் சதவீதத்தை விட்டு பைட் கணக்குக்கு வாருங்கள். விஎம்.டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸ் 67108864, அதாவது 64 எம்பி. விஎம்.டர்ட்டி_பைட்ஸ் 268435456, அதாவது 256 எம்பி. அதே பென்டிரைவில் தேக்கம் அரை நிமிடத்துக்குள் அடங்கும். பைட் கணக்கு வைத்தவுடன் சதவீதக் கணக்கு 0 என்று காட்டும். அது பிழையல்ல, இரண்டில் ஒன்றுதான் நடப்பில் இருக்கும். கரண்ட் போனால் இழக்கும் தகவலும் இதனால் குறையும். எங்கள் பக்கத்தில் அது சின்ன லாபமில்லை.

## அறிகுறி: டேட்டாபேஸ் மட்டும் திடீரென்று செத்துப்போகிறது

"டிமெஸ்ஜி -டி" (dmesg -T) ஓட்டி 'அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்' என்ற வரியைத் தேடுங்கள்.

### அந்த வரி இருக்கிறது

ரேம் தீர்ந்து, கர்னல் ஒரு பிராசஸைப் பலி கொடுத்திருக்கிறது. பலியானதே குற்றவாளி என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் அந்த நேரத்தில் ரேமில் அதிக இடம் பிடித்திருப்பதைத்தான் கர்னல் தேர்ந்தெடுக்கும், டேட்டாபேஸ் எப்போதும் பெரிதாகவே இருக்கும். அந்த வரிக்கு மேலே எல்லாப் பிராசஸ்களின் பட்டியலும் இருக்கும். அதில் ஆர்எஸ்எஸ் பத்தி (அந்தப் பிராசஸ் ரேமில் பிடித்திருக்கும் இடம்) பக்கக் கணக்கில் வரும், வழக்கமான பெட்டிகளில் ஒரு பக்கம் 4 கேபி. ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் கூட்டிப் பாருங்கள்.

மண்ணடியில் ஓர் இரும்பு மொத்த வியாபாரியின் 8 ஜிபி பெட்டி இப்படி வாரம் இரண்டு முறை விழுந்தது. கூட்டிப் பார்த்ததில் பஃபர் பூல் 5 ஜிபி. பிஎச்பி ஒர்க்கர்கள் (வெப் கோரிக்கைகளைக் கவனிக்கும் பிராசஸ்கள்) ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 எம்பி, 50 வரை அனுமதி, ஆக 4 ஜிபி. மொத்தம் 9. எட்டு ஜிபிக்குள் ஒன்பது எப்படி அடங்கும்? சாதாரண நாளில் 15 ஒர்க்கர்தான் ஓடும், தெரியாது. மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தால் விழும். ஒர்க்கரை 20 ஆக்கி, பூலை 4 ஜிபி ஆக்கினேன். கர்னலில் ஓர் எண்ணையும் தொடவில்லை.

"அண்ணே, ரேம் வாங்கணும்னுதானே முதல்ல வந்தவர் சொன்னாரு?" என்று கேட்டார் கணக்குப்பிள்ளை. வாங்கியிருந்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் ஒர்க்கர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு சரியாக இல்லையென்றால் 16 ஜிபியும் ஒருநாள் போதாமல் போகும்.

இந்தக் கணக்கைச் சரிசெய்த பிறகு ஒரு பாதுகாப்பாக, டேட்டாபேஸ் சேவையின் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நடத்தும் புரோகிராம்) கோப்பில் ஓஓஎம்ஸ்கோர்அட்ஜஸ்ட் (OOMScoreAdjust) மதிப்பை -600 என்று வைக்கலாம். -1000 வைத்தால் அதைக் கர்னல் தொடவே தொடாது. அப்போது டேட்டாபேஸே ரேமைத் தின்கிறது என்றால், மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, நீங்கள் உள்ளே நுழையவும் வழியில்லாமல் போகும். நான் வைப்பதில்லை.

### அந்த வரி இல்லை, ஆனால் 'கேனாட் அலோகேட் மெமரி' வருகிறது

"ஃப்ரீ" பார்த்தால் இடம் இருக்கிறது, ஆனாலும் புதிய பிராசஸ் எழும்ப மறுக்கிறது. விஎம்.ஓவர்கமிட்_மெமரி மதிப்பைப் பாருங்கள். 2 என்றிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த நிலையில் எல்லாப் பிராசஸ்களுக்கும் கர்னல் தருவதாகச் சொல்லும் மொத்த ரேம், ஸ்வாப்பும் ரேமில் 50 சதவீதமும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. 8 ஜிபி ரேம், 2 ஜிபி ஸ்வாப் என்றால் வரம்பு 6 ஜிபி. பெரும்பாலான கடைகளுக்கு வழக்கமான 0 போதும், திருப்பி வையுங்கள்.

### இரண்டுமே இல்லை

டேட்டாபேஸின் சொந்தப் பிழைப் பதிவைப் படியுங்கள். கர்னலுக்கு இதில் பங்கில்லை. டேபிள் கெட்டிருக்கிறது என்று அதில் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் தெரிந்தவரைக் கூப்பிடும் இடம் அது. ரிப்பேர் கட்டளையைச் சும்மா ஓட்டிப் பார்த்து, இருந்த கணக்கும் போனதைக் கண்டிருக்கிறேன்.

## அறிகுறி: 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'

செய்தியின் வாலைப் பாருங்கள். கடைசியில் 'இன் சிஸ்டம்' என்று இருந்தால் மொத்தப் பெட்டிக்குமான வரம்பு, எஃப்எஸ்.ஃபைல்-மேக்ஸ். 2018 டிசம்பரில் வந்த சிஸ்டம்டி 240க்குப் பிறகு இந்த வரம்பு தானாகவே மிக உயரத்தில் வைக்கப்படுவதால், புதிய பெட்டிகளில் இது அபூர்வம். பழைய கோப்பில் யாராவது சின்ன எண் எழுதி வைத்திருந்தால் அந்த வரியை அழித்தாலே போதும்.

வால் இல்லையென்றால் அந்த ஒரு பிராசஸின் வரம்பு. பெரும்பாலும் 1024.

மணலியில் ஒரு லாரி அலுவலகம். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகும் வண்டிகளின் ஜிபிஎஸ் கருவிகள் ஒரு சர்வரோடு பேசும். காலையில் நன்றாக ஓடும். மதியத்துக்கு மேல் வண்டிகள் வரைபடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். முன்பு வந்தவர் லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் 65536 எழுதிவிட்டுப் போயிருந்தார். எந்த மாற்றமும் இல்லை. அந்தக் கோப்பு லாகின் செய்து ஓட்டும் புரோகிராம்களுக்குத்தான். சிஸ்டம்டி தொடங்கும் சேவைக்கு அதன் யூனிட் கோப்பில் லிமிட்நோஃபைல் (LimitNOFILE) என்று தனியாக எழுத வேண்டும். இந்தப் பொறியில் நானும் தொடக்கத்தில் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். நடப்பில் உள்ள உண்மையான வரம்பை /பிராக் அடைவில் (ஃபோல்டரில்), அந்தப் பிராசஸ் எண்ணுக்குள் இருக்கும் லிமிட்ஸ் கோப்பில் பாருங்கள். அது ஒன்றை மட்டும் நம்புங்கள்.

வரம்பை உயர்த்தியதோடு நான் கிளம்பியிருந்தால் மறுபடி கூப்பிட்டிருப்பார்கள். அதே இடத்தில் உள்ள எஃப்டி அடைவில் (அந்தப் பிராசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்புகளும் தொடர்புகளும் இங்கே தெரியும்) எத்தனை இருக்கின்றன என்று அரை மணிக்கு ஒருமுறை எண்ணினேன். வண்டிகள் முந்நூறுதான், திறந்த தொடர்புகளோ ஏறிக்கொண்டே போயின. சிக்னல் இல்லாத இடத்தில் வண்டி துண்டிக்கப்பட்டால், சர்வர் பக்கத்தில் பழைய தொடர்பு அப்படியே நின்றது. வண்டி திரும்ப வந்து புதிதாக ஒன்று திறந்தது.

புரோகிராம் எழுதியவரிடம் சொல்லி கீப்அலைவைப் (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி) போடச் செய்தோம். அது மட்டும் போதாது, ஏனென்றால் டிசிபி_கீப்அலைவ்_டைம் வழக்கமாக 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம் கழித்துத்தான் கர்னல் 'உயிரோடு இருக்கிறாயா' என்று கேட்கத் தொடங்கும். அதை 600 ஆக்கினேன். பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை கேட்டுப் பதில் இல்லையென்றால் மூடிவிடும். ஆக இறந்த தொடர்பு ஒன்று இருபத்திரண்டு நிமிடத்துக்குள் போய்விடுகிறது. கணக்கு ஐந்நூறுக்குள் நின்றுவிட்டது.

எண்ணிக்கை ஏறி ஓரிடத்தில் நின்றால் வரம்பை உயர்த்துவது சரி. நிற்காமல் ஏறினால் புரோகிராமில் ஒழுகல். அதை எழுதியவரைத்தான் பிடிக்க வேண்டும்.

## அறிகுறி: டிஸ்க்கில் இடம் இருந்தும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'

"டிஎஃப் -ஐ" ஓட்டுங்கள். ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் வேண்டிய ஒரு பதிவு இடம்) 100 சதவீதம் என்றால் எங்கோ லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்திருக்கின்றன. பிஎச்பி செஷன் அடைவையும், போகாமல் தேங்கிய மெயில் வரிசையையும் முதலில் பாருங்கள். இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் ஐநோடு எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே தீர்மானிக்கப்படுவது. அதைக் கூட்ட கர்னல் அமைப்பு எதுவும் இல்லை, சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

ஐநோடு இருக்கிறது, ஆனால் கோப்பு ஒத்திசைக்கும் புரோகிராம் மட்டும் இந்தச் செய்தியைச் சொல்கிறதா? அது டிஸ்க்கைப் பற்றியதே அல்ல. ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் டிசைன் ஃபோல்டர்கள் பன்னிரண்டாயிரம். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு காவல் வேண்டும். எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ் பழைய கர்னல்களில் 8192தான். 5.11 பதிப்பிலிருந்து ரேமைப் பொறுத்துத் தானாகவே கூடும். 65536 ஆக்கினேன், சரியானது. ஒரு காவலுக்கு ஏறக்குறைய 1 கேபி ரேம் போகும், ஆகவே சும்மா கோடிக்கணக்கில் வைக்க வேண்டாம்.

பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் "எல்எஸ்ஓஎஃப் +எல்1" (lsof +L1) ஓட்டுங்கள். அழித்த கோப்பை இன்னும் பிடித்திருக்கும் சேவையின் பெயர் வரும். அதை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

## அறிகுறி: மாற்றிய எண் ரீபூட்டுக்குப் பிறகு பழையபடி ஆகிவிடுகிறது

/எட்ஸி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் 99 என்று தொடங்கும் பெயரில், .கான்ஃப் என்று முடியும் கோப்பில் எழுதுங்கள். முடிவு வேறாக இருந்தால் படிக்கப்படாது. பெயர் வரிசைப்படி படிக்கப்படுவதால் பின்னால் வருவதே நிலைக்கும். "சிஸ்சிடிஎல் --சிஸ்டம்" ஓட்டினால் எந்தக் கோப்பு எப்போது படிக்கப்படுகிறது என்று திரையில் தெரியும். வாடகை கன்டெய்னர் சர்வரில் (ஒரே கர்னலைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சர்வர்) மாற்றவே முடியவில்லை என்றால், கர்னல் உங்களுடையது அல்ல. வாடகைக்குக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

## அறிகுறி: பெட்டி முழுவதும் ஹேங், அல்லது தானாக ரீபூட்

முதலில் உடனடி உதவி. பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும் முன், ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்தபடி எஸ், யு, பி (S, U, B) என்று சில விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லுங்கள். எழுத வேண்டியதை எழுதி, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்றி, ரீபூட் செய்யும். டெபியன், உபுண்டு இரண்டிலும் இந்த மூன்றும் வழக்கமாகவே திறந்திருக்கும். இதை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டு வருவது என் வழக்கம்.

மறுபடி எழுந்ததும் "ஜர்னல்சிடிஎல் -கே -பி -1" (journalctl -k -b -1) ஓட்டி, விழுவதற்கு முந்தைய கடைசி வரிகளைப் படியுங்கள். எதுவுமே வரவில்லை என்றால் /வார்/லாக்/ஜர்னல் அடைவு இல்லாமல் இருக்கலாம். அதை உருவாக்கி வைத்து அடுத்த முறைக்குக் காத்திருங்கள்.

### கடைசி வரிகளில் ஒன்றுமே இல்லை, பாதி வாக்கியத்தில் நிற்கிறது

கரண்ட். யூபிஎஸ் பேட்டரி, எர்த், பவர் சப்ளை என்ற வரிசையில் பாருங்கள். யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் தாங்குகிறதா என்று கடை மூடிய பிறகு சோதியுங்கள். எர்த் சரியில்லை என்று தோன்றினால் எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும், நாம் அல்ல.

### 'பிளாக்ட் ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்'

பெரும்பாலும் டிஸ்க் பதில் சொல்லவில்லை. இந்த எச்சரிக்கை வராமல் இருக்க ஹங்_டாஸ்க்_டைம்அவுட்_செக்ஸ் மதிப்பை 0 ஆக்கச் சொல்வார்கள். ஆக்காதீர்கள். டிஸ்க் ஒயரை மாற்றிப் பாருங்கள், பிறகு ஸ்மார்ட்சிடிஎல்.

### 'ஹார்டுவேர் எரர்', அல்லது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் பேனிக்

பேனிக் என்றால் மீள முடியாத பிழையில் கர்னலே நின்றுவிடுவது. ரேமைச் சந்தேகியுங்கள். காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்புக்காற்றில் ரேம் குச்சியின் தொடுமுனைகள் மங்கிப்போவது சர்வ சாதாரணம். கரண்ட் ஒயரைக் கழற்றி, குச்சியை எடுத்து, வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு அழுத்திப் பொருத்துங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ இரவு முழுக்க ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் குச்சிகளை ஒவ்வொன்றாக வைத்து எது கெட்டது என்று கண்டுபிடித்து மாற்றுங்கள்.

கர்னல்.பேனிக் வழக்கமாக 0, அதாவது பேனிக் ஆனால் யாராவது வரும் வரை அப்படியே நிற்கும். ஆள் இல்லாத இடத்தில் 10 வைத்தால் 10 விநாடியில் தானே ரீபூட் ஆகும். மழைக்காலத்தில் வியாசர்பாடியில் தண்ணீர் கடந்து போக முடியாத இரவுகளில் இது உதவியிருக்கிறது. ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே வையுங்கள். கெட்ட ரேமோடு இதை வைத்தால், பெட்டி திரும்பத் திரும்ப எழுந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தவறான தகவலை டிஸ்க்கில் எழுதும்.

### 'இஎக்ஸ்டி4-எஃப்எஸ் எரர்', டிஸ்க் படிக்க மட்டும் என்று மாறிவிட்டது

இங்கே நிறுத்துங்கள். மவுன்ட் ஆகியிருக்கும் (பயன்பாட்டில் இணைந்திருக்கும்) டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே (கோப்பு முறையைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை) ஓட்டக் கூடாது. படிக்க முடிகிற வரை முக்கியக் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, பெட்டியை அணைத்து, டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். ரெய்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த அமைப்பு) ஒரு டிஸ்க் விழுந்திருந்தாலும், மதர்போர்டில் ஈரம் பட்டிருந்தாலும் இதேதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் நனைந்த பெட்டிகளை 'காஞ்சிருச்சு' என்று ஆன் செய்து பார்த்தவர்கள், மீட்டிருக்கக்கூடிய டிஸ்க்கையும் இழந்தார்கள்.

அவரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: முதலில் சேமித்த "சிஸ்சிடிஎல் -ஏ" கோப்பு, விழுந்த நேரத்தின் ஜர்னல் வரிகள், ஸ்மார்ட்சிடிஎல் அறிக்கை, பெட்டி பக்கத்தில் வைத்திருந்த அந்த நோட்டு.